வெப்ப எதிர்மின்னி உமிழ்வால் மாசறிதல்

வெப்ப எதிர்மின்னி உமிழ்வால் மாசறிதல் என்பது, உயர் வெப்பநிலைக்குச் சூடேற்றப்பட்ட உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் எதிர்மின்னிகளின் (எலக்ட்ரான்கள் அல்லது இலத்திரன்கள்) ஓட்டத்தை அளந்து, அம்மேற்பரப்பில் உள்ள அயல்பொருள்களை அறியும் முறையாகும். அயல்பொருள் வெளியிலிருந்து வந்து படிந்ததாகவும் இருக்கலாம், உலோகத்தின் உள்ளிருந்து வெப்பத்தால் மேலெழுந்து வந்ததாகவும் இருக்கலாம். இதே இயற்பியலின் மறுபக்கமான மேற்பரப்பு அயனியாக்கம், சூடான இழையின்மீது மோதும் அயல் அணுக்களை நேர்மின் அயனிகளாக மாற்றி எண்ணுவதற்குப் பயன்படுகின்றது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் உள்ள வேக ஈனுலைகளில் உருகிய சோடியம் கசிவதைக் கண்டறியும் கருவிகளுள் ஒன்று இந்த இரண்டாவது முறையில் இயங்குவதாகும்.

தமிழ்ப் பாடநூல்களில் இவ்வுமிழ்வு வெப்ப அயனி உமிழ்வு என்று குறிக்கப்படுகின்றது. வெளியேறுபவை பெரும்பாலும் எதிர்மின்னிகளே ஆதலால் இக்கட்டுரையில் வெப்ப எதிர்மின்னி உமிழ்வு என்னும் பெயர் ஆளப்படுகின்றது. அயனிகள் உண்மையிலேயே வெளியேறும் இடங்களும் உண்டு. அவை தனியே சுட்டப்படும்.

அடிப்படை

உலோகத்தினுள் எதிர்மின்னிகள் பெருமளவில் கட்டற்றுத் திரிகின்றன. ஆயினும் அவை மேற்பரப்பைத் தாண்டி வெளியேற வேண்டுமாயின் ஒரு குறைந்தபட்ச ஆற்றலைப் பெற்றாக வேண்டும். இதுவே வெளியேற்று ஆற்றல் எனப்படும். டங்ஸ்டனுக்கு இது ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட், பிளாட்டினத்திற்கு ஏறத்தாழ 5.6 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் ஓர் எதிர்மின்னிக்குக் கிட்டும் வெப்ப ஆற்றல் இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எனவே நம் கையிலுள்ள இரும்புத் துண்டிலிருந்து எதிர்மின்னிகள் கொட்டுவதில்லை. உலோகத்தை வெண்சூடாகக் காய்ச்சினால் மிக வேகமாகத் திரியும் சிறு எண்ணிக்கையிலான எதிர்மின்னிகள் தடையைத் தாண்டி வெளியேறுகின்றன. நீர் ஆவியாவதை இதற்கு ஒப்பாகக் கூறுவது வழக்கம். ஒப்புமை பெரிதும் பொருந்துவதே.

வெளியேறும் மின்னோட்டத்தின் அடர்த்தியைத் தருவது ரிச்சர்ட்சன் சமன்பாடு. அதைச் சொற்களில் கூறினால்: மின்னோட்ட அடர்த்தியானது ஒரு மாறிலி, தனி வெப்பநிலையின் இருமடி, ஓர் அடுக்குக்குறிக் காரணி ஆகிய மூன்றின் பெருக்கல் ஆகும். அடுக்குக்குறிக் காரணியில், வெளியேற்று ஆற்றலை போல்ட்சுமான் மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்து வரும் எண், எதிர்க்குறியுடன் அடுக்காக நிற்கின்றது. முதலிரண்டு காரணிகளையும் விட இந்த மூன்றாவதே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றது. தூய டங்ஸ்டனில் 2000 கெல்வினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் கிட்டும். 2500 கெல்வினில் அதுவே ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் ஆகும். வெப்பநிலை கால் பங்கு உயர்ந்ததற்கு மின்னோட்டம் முந்நூறு மடங்கு உயர்கின்றது.

வெளியேற்று ஆற்றலும் அதே அடுக்கில்தான் அமர்ந்துள்ளது. 2000 கெல்வினில் அது 0.1 எலக்ட்ரான் வோல்ட் குறைந்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 1.8 மடங்காகும். 1500 கெல்வினிலோ இரண்டு மடங்குக்கும் மேல். வெளியேற்று ஆற்றல் மேற்பரப்பின் முதல் அணுவடுக்கைப் பொறுத்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை 1-ஐத் தொடர்ந்து 15 சுழியங்கள் என்னும் வரிசையினது. எடைபோட்டுப் பார்க்க எந்தத் தராசாலும் எளிதில் இயலாத அளவு இது. இந்த அடுக்கில் சிறு பங்கு அயல் அணுக்கள் அமர்ந்தாலும் மின்னோட்டமானி அதைக் காட்டிவிடும். மாசறிதலுக்கு இவ்வுமிழ்வு பயன்படுவதன் காரணம் இதுவே.

அயல் அணு எதிர்மின்னியை எளிதில் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் (சீசியம், பேரியம், தோரியம் போன்றவை) மேற்பரப்பில் நேர்மின் முகம் வெளிநோக்கிய ஓர் இருமுனை அடுக்கு உண்டாகித் தடை தாழ்கின்றது. ஆக்சிசன் போல எதிர்மின்னியைத் தன்பால் இழுப்பதாக இருந்தால் அடுக்கு தலைகீழாகித் தடை உயர்கின்றது, உமிழ்வு குன்றுகின்றது. ஆகவே மாசு உமிழ்வைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

வரலாறு: உமிழ்வது உலோகமா, மாசா?

1873 ஆம் ஆண்டில் பிரித்தானிய அறிவியலாளர் பிரெடரிக் கத்ரி, செஞ்சூடான இரும்புக் குண்டு எதிர்மின்னூட்டத்தை இழந்துவிடுவதையும் நேர்மின்னூட்டத்தை அவ்வாறு இழக்காததையும் கண்டார். 1880களில் தாமசு எடிசன் மின்விளக்கின் சூடான இழையிலிருந்து வெற்றிடத்தின் ஊடாக மின்னோட்டம் பாய்வதைக் கண்டார். 1897 இல் எதிர்மின்னியைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன், 1899 இல் சூடான கரி இழையிலிருந்து வருபவையும் அவையே என்று காட்டினார். 1901 இல் ஓவன் ரிச்சர்ட்சன் கேம்பிரிட்ச்சில் தமது உமிழ்வு விதியின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அவ்வடிவில் வெப்பநிலையின் இருமூலமே இருந்தது. இருமடி பின்னர் வந்தது.

விதி வந்த சில ஆண்டுகளிலேயே அதன் அடித்தளத்தை ஆட்டும் முடிவு ஒன்று வெளியாயிற்று. 1903 இல் எச். ஏ. வில்சன், பிளாட்டினக் கம்பியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துத் தூய்மை செய்தபின் அதன் உமிழ்வு முன்னிருந்ததில் 2,50,000 இல் ஒரு பங்காக வீழ்வதைக் கண்டார். ஐதரசன் வளிமத்தை உள்ளே விட்டால் உமிழ்வு மீண்டும் உயர்ந்தது. அப்படியானால் அதுவரை அளக்கப்பட்டது பிளாட்டினத்தின் உமிழ்வா, அதில் ஒட்டியிருந்த ஐதரசனின் உமிழ்வா என்னும் கேள்வி எழுந்தது. இது வெறும் அளவீட்டுப் பிழை பற்றிய வினா அன்று. எதிர்மின்னிகள் உலோகத்தினுள் கட்டற்று இருக்கின்றன என்னும் கொள்கைக்கே அது அறைகூவலாக அமைந்தது. எல்லா உமிழ்வும் உலோகத்திற்கும் எஞ்சிய வளிமத்திற்கும் இடையே நிகழும் வேதிவினையின் விளைவே என்று வாதிட்டவர்கள் அடுத்த பத்தாண்டுகளில் குறைவில்லை. கரி இழைகளைத் தூய்மை செய்யச் செய்ய உமிழ்வு குன்றியதாக 1912 இல் வெளியான முடிவுகள் அவர்களுக்கு வலுச் சேர்த்தன.

பின்னோக்கிப் பார்க்கையில் பிளாட்டினம் ஏன் இவ்வளவு குழப்பியது என்பது எளிதில் விளங்குகின்றது. அதன் வெளியேற்று ஆற்றல் மிக உயர்வு, உருகுநிலையோ 1768 பாகை செல்சியசு மட்டுமே. உருகுவதற்கு முன் அதைக் காய்ச்சக்கூடிய வெப்பநிலைகளில் தூய பிளாட்டினத்தின் சொந்த உமிழ்வு மிகச் சிறியது. அதன்மேல் ஒட்டிய மாசின் பங்கு அதனை மூழ்கடித்துவிடும்.

இச்சிக்கலைத் தீர்த்தது டங்ஸ்டன். 1909-10 ஆண்டுகளில் வில்லியம் கூலிட்ச்சு டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கும் முறையை உருவாக்கியிருந்தார். 3400 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் இவ்வுலோகத்தை, ஒட்டிய வளிமங்கள் எல்லாம் வெளியேறும் அளவுக்குக் காய்ச்ச முடியும். 1913 இல் ரிச்சர்ட்சன் இத்தகைய இழைகளைக் கொண்டு, வெளியேறும் எதிர்மின்னிகளின் எண்ணிக்கை, இழையிலிருந்து வெளிவரக்கூடிய வளிம மூலக்கூறுகளையும் ஆவியாகும் டங்ஸ்டன் அணுக்களையும் விடப் பன்மடங்கு மிகுதி என்று காட்டினார். எந்த வேதிவினையும் அத்தனை எதிர்மின்னிகளைத் தர இயலாது. அவை கம்பியின் ஊடாக மின்சுற்றிலிருந்தே வந்தாக வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்காவின் செனக்டடி நகரில் இர்விங் லாங்மியூர், வெற்றிடத்தில் எஞ்சும் நீராவியும் ஆக்சிசனும் டங்ஸ்டனின் உமிழ்வைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைப்பதை நிறுவினார். ரிச்சர்ட்சனுக்கு 1928 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக இரு தரப்பினரும் ஓரளவு சரியே. உமிழ்வது உலோகம்தான். ஆயினும் எவ்வளவு உமிழ்வது என்பதை மாசு முடிவு செய்யக்கூடும். வில்சன் தம்மை அறியாமலேயே ஒரு மாசறி கருவியைச் செய்துவிட்டார் எனலாம்.

தோரியம் கலந்த டங்ஸ்டன்

மாசை உமிழ்வின் மூலம் அளவிட்டுக் கணக்கிட்ட முதல் பெருஞ்சான்று தோரியம் கலந்த டங்ஸ்டன் இழை ஆகும். மின்விளக்கு இழைகள் படிகமாகப் பெருத்து உடைந்துவிடாமல் இருக்க அவற்றில் 1 முதல் 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு சேர்க்கப்பட்டது. இது மின் உமிழ்வுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் சில இழைகள் தூய டங்ஸ்டனை விட ஆயிரக்கணக்கான மடங்கு உமிழ்வதை லாங்மியூரும் உடன்பணியாளர்களும் 1914 அளவில் கண்டனர்.

காரணத்தை லாங்மியூர் 1923 இல் விரிவாக வெளியிட்டார். இழையைச் சிறிது நேரம் 2600 முதல் 2800 கெல்வின் வரை காய்ச்சினால் ஆக்சைடில் சிறு பங்கு தோரியம் உலோகமாகப் பிரிகின்றது. பின்பு 2000-2100 கெல்வினில் வைத்திருந்தால் அத்தோரியம் படிக விளிம்புகளின் வழியே ஊர்ந்து மேற்பரப்பை அடைந்து ஓரணு அடுக்காகப் பரவுகின்றது. வெளியேற்று ஆற்றல் 4.5 இலிருந்து 2.6 எலக்ட்ரான் வோல்ட் வரை இறங்குகின்றது. இங்கு வியப்பிற்குரியது, தூய தோரியத்தின் வெளியேற்று ஆற்றலே ஏறத்தாழ 3.4 எலக்ட்ரான் வோல்ட் என்பது. டங்ஸ்டன்மேல் அமர்ந்த ஓரணு அடுக்கு, முழுத் தோரியத்தையும் விட நன்றாக உமிழ்கின்றது. எதிர்மின்னிகளைத் தடுப்பது உலோகத்தின் உட்பகுதி அன்று, அதன் புறத்தே உள்ள மின் இருமுனை அடுக்கு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மாசறிதலின் நோக்கில் இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. உமிழ்வு உயரும் வேகத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தால், மேற்பரப்பின் எத்தனை பங்கு தோரியத்தால் மூடப்பட்டுள்ளது என்பதையும், அது உலோகத்தினுள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றது என்பதையும், எவ்வளவு விரைவாக ஆவியாகின்றது என்பதையும் கணக்கிடலாம். இழையை உடைக்காமல், கரைக்காமல், 2000 கெல்வினில் எரிந்துகொண்டிருக்கும்போதே அதனுள் ஓர் அயல் தனிமம் நகர்வதை மின்னோட்டமானியில் பார்ப்பது அக்காலத்தில் வேறெம்முறையாலும் இயலாததாகும். 1933 இல் வால்ட்டர் பிராட்டேனும் ஜோசப் பெக்கரும் பெல் ஆய்வகத்தில் இவ்வாய்வை மேலும் நுட்பமாகச் செய்தனர். பின்னாளில் திரிதடையத்தை (டிரான்சிசுட்டர்) உருவாக்கியவர்களுள் ஒருவராக நோபல் பரிசு பெற்ற பிராட்டேன் இவரே.

தோரியம் கலந்த டங்ஸ்டன் இன்றும் வழக்கொழியவில்லை. நுண்ணலை அடுப்பின் மேக்னட்ரான் குழாயில் அது உண்டு. டங்ஸ்டன் மின்முனை கொண்டு ஆர்கான் வளிமத்தில் செய்யப்படும் பற்றவைப்பில் பயன்படும் சிவப்பு முனைக் கம்பிகள் 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு கொண்டவை. தோரியம் கதிரியக்கம் உடையதாதலால் அவற்றுக்கு மாற்றாக லாந்தனம், சீரியம் கலந்த கம்பிகளும் பயன்பாட்டில் உள்ளன. தோரியத்தின் மூலமான மோனசைட்டு, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமம் என்பது தமிழ்நாட்டு மாணவர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது.

அளவிடும் முறை

ஆய்வுக்குரிய உலோகத்தை இழையாகவோ தகடாகவோ அமைத்து, உயர் வெற்றிடக் கலத்தினுள் மின்னோட்டத்தால் சூடேற்றுவர். எதிரே நேர்மின்னழுத்தம் கொண்ட ஒரு தகடு எதிர்மின்னிகளைத் திரட்டும். வெப்பநிலை ஒளிவெப்பமானியால் அளக்கப்படும். மின்னழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் வெளியேறிய எதிர்மின்னிகளே திரளாக நின்று பின்வருவனவற்றைத் தடுத்துவிடும். மிக அதிகமாக இருந்தால் மின்புலமே தடையைச் சற்றுத் தாழ்த்திவிடும். இவ்விரண்டையும் திருத்தியே உண்மையான மதிப்பைப் பெற வேண்டும்.

பல வெப்பநிலைகளில் அளந்தபின், மின்னோட்டத்தை வெப்பநிலையின் இருமடியால் வகுத்து அதன் மடக்கையை ஓர் அச்சிலும், வெப்பநிலையின் தலைகீழியை மற்றோர் அச்சிலும் வரைந்தால் நேர்கோடு கிட்டும். கோட்டின் சாய்வு வெளியேற்று ஆற்றலைத் தரும், வெட்டுத்துண்டு மாறிலியைத் தரும். கொள்கையின்படி அம்மாறிலி சதுர சென்டிமீட்டருக்கும் கெல்வின் இருமடிக்கும் 120 ஆம்பியர் ஆகும். டங்ஸ்டனில் அளந்து கிடைப்பது ஏறத்தாழ 60. தோரியம் மூடிய டங்ஸ்டனில் 3 மட்டுமே.

கோடு நேராக இருந்தால் உலோகம் தூய்மையானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாசு வெப்பநிலையோடு இடம் மாறாமல் நிலையாக ஒட்டியிருந்தாலும் கோடு நேராகவே வரும், சாய்வு மட்டும் மாறியிருக்கும். சூடேற்றும்போது ஒரு கோடும் ஆறும்போது வேறொரு கோடும் கிட்டினால்தான் மாசு நகர்ந்துகொண்டிருக்கின்றது என்பது உறுதி. மின்னோட்டம் ஒரே வெப்பநிலையில் நேரத்தோடு மெல்ல ஊர்வதும் அவ்வாறே ஓர் அறிகுறியாகும். கல்லூரியில் இருமுனை வெற்றிடக் குழாயைக் கொண்டு டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றலைக் காணும் மாணவர்கள் 4.5க்கு வெகுதொலைவில் ஒரு விடையைப் பெற்றால், தாங்கள் பிழை செய்ததாகக் கருதும் முன் அவ்விழை எதனால் ஆனது என்று பார்ப்பது நன்று.

உமிழ்வு நுண்ணோக்கி

ஒரே உலோகத் தகட்டில் எல்லா இடங்களும் ஒரே அளவில் உமிழ்வதில்லை. படிகத்தின் முகத்திற்கு முகம் வெளியேற்று ஆற்றல் வேறுபடும், மாசு திரண்ட இடங்கள் மேலும் வேறுபடும். வெளியேறும் எதிர்மின்னிகளையே வில்லைகளால் குவித்துப் படமாக்கினால் இவ்வேறுபாடு ஒளியும் இருளுமாகத் தெரியும். 1932 இல் பெர்லினில் புரூச்சேயும் யோகான்சனும் சூடான எதிர்மின்வாயின் இத்தகைய படத்தை எடுத்தனர். 1930களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் இம்முறையால் இரும்பின் படிக அமைப்பு உயர் வெப்பநிலையில் ஒரு வகையிலிருந்து மற்றொன்றாக மாறுவது நேரடியாகக் காணப்பட்டது. இரும்பு தானாகப் போதிய அளவு உமிழாததால், உமிழ்வைக் கூட்டும் தனிமம் ஒன்றை மேற்பரப்பில் வேண்டுமென்றே படியவைத்தனர். மாசைக் காணும் கருவிக்கு மாசே விளக்காயிற்று.

எல்லைகள்

இம்முறையின் பெருங்குறை, அது மாசு உள்ளது என்று கூறுமேயன்றி எது மாசு என்று கூறாது என்பதே. வெளியேற்று ஆற்றல் 0.2 எலக்ட்ரான் வோல்ட் உயர்ந்திருந்தால் அதற்கு ஆக்சிசனும் காரணமாகலாம், கரியும் காரணமாகலாம், கூட்டும் மாசும் குறைக்கும் மாசும் சேர்ந்திருந்து ஒன்றை ஒன்று ஈடுகட்டியும் இருக்கலாம். மேலும் அது மேற்பரப்பை மட்டுமே அறியும். உலோகத்தின் ஆழத்தில் புதைந்து வெளிவராத மாசு அதற்குத் தெரியாது.

உயர் வெற்றிடமும் தேவை. வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு வளிமம் எஞ்சியிருந்தால்கூட, மோதும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டுமாயின் ஓரிரு நொடிகளில் மேற்பரப்பு முழுதும் மூடப்பட்டுவிடும். ஆகவே எஃகு ஆலையின் உலைக்களத்தில் கொதிக்கும் எஃகுக் குழம்பின்மேல் இக்கருவியைப் பிடித்து மாசு பார்க்க இயலாது. 1960களின் இறுதியிலிருந்து, மேற்பரப்புத் தனிமங்களைப் பெயர் சொல்லி இனங்காட்டும் ஓகர் எதிர்மின்னி நிறமாலையியல் பரவியபின், ஆய்வகங்களில் உமிழ்வு முறை துணைமுறையாக ஒதுங்கிற்று.

மறுபக்கம்: மேற்பரப்பு அயனியாக்கம்

எது மாசு என்னும் வினாவுக்கு விடை தரும் வழி இதே சூடான இழையில் மறைந்திருந்தது. 1923 இல் லாங்மியூரும் கிங்டனும், சூடான டங்ஸ்டனின்மேல் மோதும் சீசியம் அணுக்கள் ஏறத்தாழ அனைத்தும் நேர்மின் அயனிகளாகத் திரும்புவதைக் கண்டனர். சீசியம் அணுவிலிருந்து ஓர் எதிர்மின்னியைப் பிரிக்க 3.89 எலக்ட்ரான் வோல்ட் போதும். அந்த எதிர்மின்னி டங்ஸ்டனுக்குள் வீழ்ந்தால் 4.5 எலக்ட்ரான் வோல்ட் கிட்டும். எனவே அணு தன் எதிர்மின்னியை உலோகத்திடம் கொடுத்துவிட்டு அயனியாகப் பறந்துவிடுகின்றது.

அயனியாகும் பங்கைத் தரும் சமன்பாடு சாகா-லாங்மியூர் சமன்பாடு எனப்படும். 1920 இல் மேகநாத் சாகா, சூரியனின் நிறமண்டலத்தில் வெப்பத்தால் தனிமங்கள் அயனியாவதை விளக்கிய கொள்கையே இதன் வேர். விண்மீனின் வளிமத்தில் கட்டற்ற எதிர்மின்னிகள் வகிக்கும் இடத்தை இங்கு உலோகம் வகிக்கின்றது. இங்கும் அடுக்குக்குறியே ஆள்கின்றது. அடுக்கில் நிற்பது உலோகத்தின் வெளியேற்று ஆற்றலுக்கும் அணுவின் அயனியாக்க ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடு.

சோடியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அயனியாக்க ஆற்றல் 5.14 எலக்ட்ரான் வோல்ட். 1300 கெல்வினில் உள்ள டங்ஸ்டன் இழையில் சோடியம் அணுக்களுள் ஆயிரத்தில் ஒன்றிரண்டே அயனியாகும். அதே வெப்பநிலையில் 5.6 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட தூய பிளாட்டினத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அயனியாகும். நைட்ரசனுக்கும் ஆர்கானுக்கும் முறையே 14.5, 15.8 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுவதால் அவை எந்த இழையிலும் ஏறத்தாழ அசைவதே இல்லை. ஆகவே பெருங்கடல் போன்ற நைட்ரசனில் ஒரு துளி சோடியம் இருந்தாலும் சூடான பிளாட்டினம் அதை மட்டும் தேர்ந்து எண்ணும். 1903 இல் அனைவரையும் குழப்பிய அதே பிளாட்டினம், அதே உயர்ந்த வெளியேற்று ஆற்றலின் காரணமாக இங்கு மிகச் சிறந்த கருவியாகின்றது.

கல்பாக்கத்தில் சோடியக் கசிவு அறிதல்

கல்பாக்கத்தில் 1971 இல் உலை ஆராய்ச்சி மையம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 1985 இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றப்பட்ட நிறுவனத்தில், சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எய்தியது. அதன் அருகே 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலை கட்டப்பட்டு, 2024 மார்ச்சில் அதன் உலைக்கருவை நிரப்பும் பணி தொடங்கப்பட்டது. இரண்டிலும் வெப்பத்தைக் கடத்துவது நீர் அன்று, உருகிய சோடியம். அது 98 பாகை செல்சியசில் உருகி 883 பாகையில் கொதிக்கின்றது. முன்மாதிரி உலையின் சூடான பகுதியில் சோடியத்தின் வெப்பநிலை 547 பாகை செல்சியசு என வடிவமைக்கப்பட்டுள்ளது. கொதிநிலைக்கு வெகு கீழே இருப்பதால் உயர் அழுத்தம் வேண்டுவதில்லை. இது பெருநன்மை. ஆனால் சூடான சோடியம் காற்றுப் பட்டால் எரியும், நீர் பட்டால் வெடிப்புடன் வினைபுரிந்து ஐதரசனை வெளியிடும்.

கசிவைக் காலந்தாழ்த்தி அறிவதன் விலையை 1995 டிசம்பர் 8 அன்று சப்பானின் மோஞ்சு உலையில் நிகழ்ந்த நேர்வு காட்டிற்று. குழாயினுள் செருகப்பட்டிருந்த வெப்பமானி உறை ஒன்று முறிந்து, இரண்டாம் நிலைச் சுற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோகிராம் சோடியம் வெளியேறி எரிந்தது. அச்சோடியம் கதிரியக்கம் அற்றது, எவரும் காயமடையவில்லை. ஆயினும் உலை 2010 வரை மூடப்பட்டே கிடந்தது, 2016 இல் அதனைக் கலைத்துவிட அரசு முடிவு செய்தது.

சோடியக் குழாய்களில் கசிவு பெரும்பாலும் மயிரிழை விரிசலாகவே தொடங்கும். அந்நிலையில் வெளிவருவது சில துகள்கள். கண்ணுக்குப் புலப்படாத ஆக்சைடுப் புகை. சோடிய அயனியாக்க உணரி என்னும் கருவி, குழாயைச் சூழ்ந்த உறையிலிருந்தோ அறையிலிருந்தோ வளிமத்தைச் சிறு குழாயின் வழியே உறிஞ்சி, ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் உள்ள பிளாட்டின இழையைக் கடந்து செல்லவிடுகின்றது. துகள்கள் இழையில் பட்டதும் சிதைந்து, சோடியம் அயனியாகின்றது. எதிரே எதிர்மின்னழுத்தம் கொண்ட திரட்டி அவ்வயனிகளை ஈர்த்துக்கொள்ளும். இழை நேர்மின் பக்கம் இணைக்கப்பட்டிருப்பதால், அது உமிழும் எதிர்மின்னிகள் இழைக்கே திரும்ப இழுக்கப்பட்டுக் கணக்கில் வாரா. மின்னோட்டம் குறித்த வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலிக்கும். வளிமத்தில் கன சென்டிமீட்டருக்கு நானோகிராம் வரிசையிலான சோடியத்தையும் இவ்வகை உணரிகள் அறியவல்லன.

இழைக்குப் பிளாட்டினத்தைத் தேர்ந்தது வெளியேற்று ஆற்றலுக்காக மட்டும் அன்று. காற்றில் 1000 பாகையில் டங்ஸ்டன் எரிந்து மஞ்சள் தூளாகிவிடும். பிளாட்டினமோ துருவேறாது நிற்கும். வெற்றிடம் வேண்டாமலேயே வேலை செய்யும் வெப்ப உமிழ்வுக் கருவி இதனால்தான் கைகூடிற்று.

இக்கருவிக்குச் சோடியம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. உப்புநீர் தெறித்தால் அடுப்புத் தீ மஞ்சளாவதைப் பார்த்தவர்களுக்கு, மிகச் சிறிது உப்பும் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பது விளங்கும். (அது அணு ஒளிவீசுதல், இது அயனியாக்கம், நிகழ்வுகள் வேறு, நுண்மை ஒன்று.) கடற்காற்றில் உப்புத் துகள் கலந்திருக்கும் இடங்களில் திறந்த அறைக் காற்றை உறிஞ்சும் உணரியில் ஒரு பின்புல மின்னோட்டம் இருந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கை வரம்பை அதற்கு மேலே வைக்க வேண்டியுள்ளது. நைட்ரசன் நிரப்பிய இரட்டைக் குழாயின் இடைவெளியில் இச்சிக்கல் இல்லை. மேலும் ஒரே வகைக் கருவியை மட்டும் நம்பாமல், கசிந்த சோடியம் பட்டதும் மின்சுற்றை மூடும் கம்பிவகை உணரிகளும் தீப்பொறிச் செருகி வகை உணரிகளும் உடன் வைக்கப்படுகின்றன.

சோடியத்தினுள் உள்ள மாசுகள்

கசிந்த சோடியத்தைச் சூடான இழை அறிகின்றது. சோடியத்திற்குள் கலந்த மாசை அதனால் அறிய இயலுமா? இயலாது என்பதே நேரான விடை. கொட்டிக் கிடக்கும் சோடியமே இழையை முற்றிலும் மூழ்கடித்துவிடும். ஆனால் உலையின் பாதுகாப்பு பெரிதும் சார்ந்திருப்பது இம்மாசுகளையே. ஆக்சிசன் மிகுந்தால் எஃகு அரிக்கப்படும். கரி, எஃகின் ஓரிடத்திலிருந்து பிரிந்து வேறிடத்தில் சேர்ந்து அதன் வலிமையை மாற்றும். நீராவி உண்டாக்கியின் குழாயில் ஊசித்துளை விழுந்தால் நீராவி சோடியத்துள் பாய்ந்து, அவ்வினையின் சூடான பீச்சு அடுத்த குழாயையும் அரிக்கும். அதன் முதல் அறிகுறி சோடியத்தில் ஐதரசன் கூடுவதே.

இவற்றுக்குக் கல்பாக்கத்தில் மின்வேதி அளவிகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஐதரசனுக்குக் கால்சியம் புரோமைடும் கால்சியம் ஐதரைடு புரோமைடும் கலந்த திண்ம மின்பகுளி, ஆக்சிசனுக்கு இட்ரியம் ஆக்சைடு கலந்த தோரியம் ஆக்சைடு, கரிக்கு உருகிய சோடியம், இலித்தியம் கார்பனேட்டுக் கலவை ஆகியன பயன்படுகின்றன. விளக்கிழையில் தற்செயலாகத் தன்னைக் காட்டிய தோரியம் இங்கு வேறு பணியில் மீண்டும் வருகின்றது. ஐதரசன் அளவி நூறு கோடியில் பத்துப் பங்கு வரிசையிலான மாற்றத்தையும் காட்டவல்லது.

ஐதரசனை அறிய மற்றொரு வழியும் உண்டு. மெல்லிய நிக்கல் சவ்வின் ஒருபுறம் சூடான சோடியமும் மறுபுறம் வெற்றிடமும் இருந்தால், ஐதரசன் மட்டும் நிக்கலின் ஊடே ஊடுருவி வெற்றிடத்தை அடையும். அங்கு அதனைப் பொருண்மை நிறமாலைமானியால் அளந்தால், அக்கருவியினுள் ஐதரசனை அயனியாக்கும் எதிர்மின்னிகளைத் தருவது வழக்கமாக ஒரு சூடான இழையே.

பொருண்மை நிறமாலையியல்

எது மாசு, எவ்வளவு என்னும் இரு வினாக்களுக்கும் ஒருங்கே விடை தருவது வெப்ப அயனியாக்கப் பொருண்மை நிறமாலையியல் ஆகும். ஆய்வுப்பொருளின் கரைசலில் ஒரு துளியை ரீனியம் இழையில் உலர்த்தி, வெற்றிடத்தில் காய்ச்சினால், மேற்பரப்பு அயனியாக்கத்தால் வெளிவரும் அயனிகள் காந்தப்புலத்தில் பொருண்மை வாரியாகப் பிரிகின்றன. ரீனியத்தின் வெளியேற்று ஆற்றல் உயர்வு, உருகுநிலையும் உயர்வு. அணு எரிபொருளில் யுரேனியம், புளூட்டோனியம் ஓரிடத்தான்களின் விகிதத்தையும், பாறைகளின் அகவையை அறிய இசுட்ரான்சியம், நியோடிமியம் விகிதங்களையும் இவ்வாறே அளக்கின்றனர். அளவு தெரிந்த ஓரிடத்தான் ஒன்றை மாதிரியுடன் கலந்து அளப்பதன் மூலம் உலோகங்களில் மிகச் சிறு அளவில் உள்ள மாசுகளையும் கணக்கிடலாம்.

இம்முறையில் துளியை இடுவதற்கு முன் வெற்று இழையை உயர் வெப்பநிலையில் நெடுநேரம் காய்ச்சி வைப்பது கட்டாயமாகும். ரீனியத்திலேயே சிறிதளவு ஒட்டியிருக்கும் பொட்டாசியம், சோடியம், பேரியம் ஆகியவை முதலில் அயனியாக வெளிவந்து அளவீட்டைக் குழப்பும் என்பதே அதற்குக் காரணம்.